நாற்பத்தெட்டு வீடுகளின் அந்தரங்கம்

மனித குலத்தின் உரிமைப் போராட்ட வரலாற்றை என்றைக்காவது யாராவது ஒழுங்காக எழுதினால், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அதில் ஒரு தனி அத்தியாயம் ஒதுக்கியே ஆக வேண்டும். ஒதுக்காவிட்டாலும் பாதகமில்லை. நானே எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவேன். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் பலகையின் சாவி என்னிடம்தான் இருக்கிறது.

புரட்சி ஒரு விளம்பரத்தில் தொடங்கியது. இரண்டாம் மாடி பல் டாக்டர் ஒருநாள் சாப்பிடும்போது, "தொப்பை கொஞ்சம் போட்டுடுச்சு" என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை கைப்பேசியைத் திறந்தால், தொப்பையைக் கரைக்கும் பெல்ட்டுக்கு விளம்பரம். டாக்டர் வெலவெலத்துப்போய் என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"சார், போன் ஒட்டுக்கேக்குது!"

"எதை டாக்டர்?"

"என் வயித்தைப் பத்தி சார்! அது என் அந்தரங்கம்!"

அவர் வயிறு அந்தரங்கமாக இருந்து பல வருஷம் ஆகிறது. லிஃப்ட் திறந்தால் முதலில் அதுதான் வெளியே வரும். ஆனாலும் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே! அன்று மாலையே அவசரப் பொதுக்குழுவைக் கூட்டினேன்.

வாசலை ஒட்டிய தரைத்தளக் கூடத்தில் கூட்டம் நடந்தது. தலைவர் ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர். அறுபத்து நாலு வயதிலும் கருகருவென்று தலைமுடி. "எதிரி நம்ம பேச்சைக் கேக்கக்கூடாது" என்று அவர் ஆணையிட்டதும், எல்லாக் கைப்பேசிகளையும் பிரஷர் குக்கருக்குள் போட்டு மூடினோம். என் மனைவி மூன்று குக்கர் கொடுத்து உதவினாள். எதற்கும் இருக்கட்டும் என்று டாக்டர் வெயிட்டையும் போட்டார்.

பத்து நிமிஷத்தில் ஒரு நடைமுறைச் சிக்கல். கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காக அதை இணையத்தில் நேரலையாகக் காட்ட வேண்டுமே? ஒரு கைப்பேசியை வெளியே எடுத்தோம். நேரலையில் நம் முகம் எப்படி வருகிறது என்று பார்க்க மற்றவர்களும் எடுத்தார்கள். மூன்று குக்கர்களும் கூட்டம் முடியும்வரை கொள்கையளவில் மூடியே இருந்தன.

"நம்மளை யார் கண்காணிக்கறாங்க? முதல்ல அதைக் கண்டுபிடிக்கணும்" என்றார் தலைவர்.

அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் நாலு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கூடம் முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது.

எழுந்து நின்று வரலாற்றுச் சிறப்புமிக்க உரையை ஆற்றினேன். "பெரியோர்களே! யார் எப்ப வர்றாங்க, எப்ப போறாங்க, என்ன பையோட வர்றாங்க, என்ன முகத்தோட வர்றாங்க, எல்லாம் இந்த ஒரு ஆளுக்குத் தெரியும். பதினாலு வருஷத் தகவல்! அத்தனையும் ஒரே மண்டையில! பூட்டு கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. 'மனிதக் கண்காணிப்பு முறை ஒழிப்புத் தீர்மானம்' ஏகமனதாக நிறைவேறியது. வாட்ச்மேன் மாதக் கடைசியில் கிளம்ப வேண்டும். மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் அவரும் மனைவியும் மகளும் குடியிருக்கும் அறையையும் காலி செய்ய வேண்டும்.

வாட்ச்மேன் நாற்காலிகளை ஓசைப்படாமல் கீழே வைத்தார். "சார், பொண்ணுக்குப் பெரிய பரீட்சை வருது. இன்னும் மூணே மாசம். இப்ப ரூமைக் காலி பண்ணுன்னா பள்ளிக்கூடத்தையே மாத்தணும். பரீட்சை முடியட்டுமே சார்."

"உரிமைன்னு வந்துட்டா மூணு மாசம், நாலு மாசம்னு பேரம் பேச முடியாதுப்பா" என்று அன்போடு விளக்கினேன். அவர் தலையாட்டிவிட்டு இன்னும் நாலு நாற்காலி எடுத்துவரப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்டாள்: "அந்த மனுஷன் நம்மளைப் பத்தி யார்கிட்ட என்ன சொன்னாரு?"

"யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல."

"அப்புறம் என்ன?"

"அதான் சந்தேகமா இருக்கு" என்றேன். அவள் குக்கர்களைக் கழுவப் போய்விட்டாள். ஆட்சி நுணுக்கங்கள் குடும்பத்தாருக்குப் புரிவதில்லை.

வாட்ச்மேனுக்கு மாற்று ஏற்பாட்டை முன்மொழிந்தவன் மூன்றாம் மாடி இளைஞன். கடைக்கு வருகிற எந்தப் புதுக் கருவியும் முதலில் அவன் வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் பழசாகும். அதனால் எல்லோருக்கும் அவன் 'அப்டேட்'.

"'வாசல்தோழி' போட்ரலாம் அங்கிள். கேமரா வச்ச ஸ்மார்ட் மணி. ஆளைப் பாத்ததும் அடையாளம் கண்டுபிடிச்சிடும். மனுஷனா இருந்தாத்தானே வம்பு பேசும்? இது மெஷின்."

"விலை?"

"சும்மாவே தர்றாங்க. நம்மகிட்ட எதுவுமே வாங்கிக்க மாட்டாங்க. நம்ம முகம், குரல், வர்ற நேரம், போற நேரம். அவ்வளவுதான்."

இந்தக் காலத்தில் இவ்வளவு பெருந்தன்மையா என்று தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. இருந்தாலும் நாங்கள் ஏமாளிகள் அல்ல. அறுபத்தொரு பக்க நிபந்தனைகளை வரிவரியாக ஆராயத் தலைவர், டாக்டர், நான் ஆகிய மூவர் அடங்கிய துணைக்குழு அமைக்கப்பட்டது. திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போய் நாலே நிமிஷத்தில் ஆய்வை முடித்தோம். முப்பத்தெட்டாம் பக்கத்தில் டாக்டரின் விரல் சற்று நின்றது. என்ன ஏதென்று பதறிப்போனோம், தும்மல்தான். 'சம்மதம்' என்ற பொத்தானைத் தலைவர் அமுக்க, கூட்டாக ஒரு படம் எடுத்துக்கொண்டோம்.

வாசல்தோழியின் கடமையுணர்ச்சியை என்னவென்று புகழ்வேன்! வாசலில் எது நடந்தாலும் அடுத்த நொடியே படத்தோடு நாற்பத்தெட்டு வீட்டுக் கைப்பேசிகளுக்கும் செய்தி பறந்தது. 'ஐந்தாம் மாடிக்கு நான்காவது முறையாகப் பார்சல் வந்துள்ளது.' 'முதல் மாடித் தம்பதியர் ஒரே காரில் வந்து, தனித்தனி லிஃப்டில் ஏறினர்.' முதல் மூன்று நாள் குடியிருப்பே பரவசத்தில் மிதந்தது. மற்றவர்கள் செய்தியை எல்லோரும் படித்தோம். தன் செய்தியும் ஊரெல்லாம் போகிறது என்ற நினைப்பு ஒருவருக்கும் வரவில்லை.

செயலாளராக எனக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி தெரியுமா? முன்பெல்லாம் நிர்வாக நலன் கருதி வாட்ச்மேனிடம் சில விவரங்கள் கேட்பேன். "நேத்து அஞ்சாம் மாடிக்கு வந்தது யாருப்பா?" "கவனிக்கல சார்." "முதல் மாடியில ஏதோ சத்தமாமே?" "டிவியா இருக்கும் சார்." இப்படிப்பட்ட மந்தபுத்திக்காரரைப் பதினாலு வருஷம் வைத்திருந்தோம். வாசல்தோழியோ கேட்காமலே சொன்னாள்.

நாலாம் நாள் மாலை எல்லாக் கைப்பேசிகளும் மணியடித்தன. 'பல் மருத்துவர் வந்துள்ளார். வாயில் பஞ்சு. கையில் வேறொரு பல் மருத்துவமனையின் பை.' டாக்டர் மறுநாள் கிளினிக்கைத் திறக்கவில்லை.

அடுத்த அடி தலைவருக்கு. காற்று பலமாக வீசிய ஒரு மதியம், அவர் வாசலுக்கு வெளியே எதையோ துரத்திப் பிடித்துப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்திருக்கிறார். 'அறிமுகமில்லாத நபர் நுழைகிறார். வயது எழுபத்து மூன்று. காதுகள் தலைவருடையவை. தலை பொருந்தவில்லை. காவல்துறையை அழைக்கவா?' நாற்பத்தெட்டு வீடுகளில் இருபத்தாறு வீடுகள் 'அழை' என்று அமுக்கியிருந்தன. படம் தெளிவாக இருந்ததால் மீதிப் பேர் சிரித்துக்கொண்டிருந்துவிட்டார்கள்.

மூன்றாவதாக நடந்ததைச் சொல்ல நா எழவில்லை. என் உடம்பைப் பார்த்துவிட்டுத் தினமும் நாற்பது நிமிஷம் நடக்கச் சொல்லி மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஐந்து வருஷமாக ஒருநாள் தவறாமல் காலை ஆறு மணிக்கு ஷூ மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன். என் மனைவிக்கு அதில் அப்படியொரு பெருமை. தன் தங்கைகளிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, அவர்கள் கணவன்மாருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. ஒருநாள் இரவு காரை வழக்கமான மூலையில் விடாமல் வாசலுக்கு எதிரே நிறுத்திவிட்டேன். மறுநாள் காலை அவள் கைப்பேசிக்கு வந்த செய்தி இது:

'செயலாளர் 6.02க்கு வெளியேறினார். 6.04க்குத் தன் காரில் ஏறி இருக்கையைச் சாய்த்தார். 6.41க்குக் குழாயடிக்குச் சென்றார். 6.43க்குத் திரும்பினார். நெற்றியில் ஈரம்: தண்ணீர். வியர்வை அல்ல.'

ஒன்றுமறியாமல் கதவைத் திறந்து, "அப்பப்பா, இன்னிக்கு நல்ல நடை" என்றேன்.

"எவ்வளவு தூரம்?" என்றாள்.

"ஏழு கிலோமீட்டர் இருக்கும்."

கைப்பேசியை நீட்டினாள். பிறகு, "அஞ்சு வருஷம்" என்றாள். அவ்வளவுதான். அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்று முழுக்க அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் மறுபடியும் அவசரப் பொதுக்குழு. தலைவர் தொப்பியோடு வந்திருந்தார். டாக்டர் வாயைத் திறக்கவில்லை.

"இந்தச் சனியனைக் கழட்டு" என்றார் தலைவர்.

"கழட்டலாம் சார்" என்றான் அப்டேட். "ஆனா அஞ்சு வருஷ ஒப்பந்தம். நடுவுல கழட்டினா, இதுவரைக்கும் எடுத்த எல்லாத்தையும் சேத்து, பாட்டுப் போட்டு, 'இனிய நினைவுகள்'னு ஒரு வீடியோ எல்லாருக்கும் அனுப்பும். முப்பத்தெட்டாம் பக்கத்துல இருக்கு."

எல்லோரும் டாக்டரைப் பார்த்தார்கள். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது தலைவருக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது. பத்து நாளில் ஒரு மெஷினுக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறதென்றால், பதினாலு வருஷமாக வாசலில் நின்றவருக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்? அதையெல்லாம் எழுதிவைத்துக்கொண்டு அல்லவா அவர் வெளியே போகப்போகிறார்! "வருகைப் பதிவேட்டைக் கொண்டு வரச் சொல்லு!" என்று முழங்கினார்.

வாட்ச்மேன் பதினாலு நோட்டுகளைச் சுமந்துகொண்டு வந்தார். தலைவர் அவசர அவசரமாகத் தன் பக்கத்தைத் தேடினார். 'தலைவர். வெளியே போனார். வந்தார்.' டாக்டருக்கு, 'கடைக்குப் போனார். வந்தார்.' என் பக்கங்களை என் மனைவி புரட்டினாள். ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு நேராக, உருண்டையான கையெழுத்தில் ஒரே சொல்: 'நடைப்பயிற்சி.' ஐந்து வருஷத்துக்கும் அப்படித்தான்.

"இவரு கார்ல தூங்கினது உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள்.

"தெரியும்மா. குழாயடியில தண்ணிச் சொம்பு வச்சதே நான்தான்."

என் மனைவி நோட்டை மூடி வைத்தாள்.

"ஏம்ப்பா, இவ்வளவு தெரிஞ்சும் ஏன் யார்கிட்டயும் சொல்லல?" என்றார் தலைவர். "ஒருத்தரும் உன்னைக் கேக்கலயா?"

"கேட்டாங்க சார். எல்லா வீட்லயும் பக்கத்து வீட்டைப் பத்திக் கேப்பாங்க. அவங்க கேக்கறதுல தப்பில்ல, மனுஷ சுபாவம்." வாட்ச்மேன் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "செயலாளர் சார்தான் நாப்பத்தேழு வீட்டைப் பத்தியும் கேப்பாரு. தினமும் கேப்பாரு. நான் சொல்லாததுல அவருக்கு என்மேல கொஞ்சம் வருத்தம்."

நாற்பத்தேழு ஜோடிக் கண்கள் என்மேல் விழுந்தன. நான் தீர்மானப் புத்தகத்தில் தேதியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

வாட்ச்மேனை வேலையில் தொடரச் சொல்ல வேண்டும், அறை அவர் குடும்பத்துக்கே இருக்க வேண்டும், அவர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து வாசல்தோழியின் கண்ணில் போட்டு மூட வேண்டும் என்று என் மனைவியே தீர்மானம் கொண்டுவந்தாள். துண்டைப் போட்டால் கழற்றியதாக ஆகாது, பாட்டும் வராது என்றான் அப்டேட். தலைவர் அப்போதே மூடப் போனார். நான் தடுத்தேன். தீர்மானம் நிறைவேறும்வரை சங்கத்தின் உடைமையில் யாரும் கைவைக்கக் கூடாது என்பது விதி, நானே எழுதியது. அதோடு, இவ்வளவு முக்கியமான விஷயத்தில் மனசாட்சிப்படி முடிவெடுக்க ரகசிய வாக்கெடுப்புதான் முறை என்றும் வலியுறுத்தினேன்.

வீட்டுக்கு ஒரு ஓட்டு. வாசலோரம் ஒரு மேசை போட்டு, குக்கரையே ஓட்டுப்பெட்டியாக வைத்தோம். "நம்ம வீட்டு ஓட்டை நீங்களே போடுங்க" என்றாள் என் மனைவி. "ரகசியமாச்சே." வாட்ச்மேனின் மகள் மீட்டர் அறைக் கதவோரம் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் எண்ணினார். தொடரலாம், நாற்பத்தேழு. கூடாது, ஒன்று.

அந்தப் பெண் அறைக்குள் ஓடிப்போய் அம்மாவிடம் கத்திச் சொன்னது எங்களுக்கும் கேட்டது. வாட்ச்மேன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதையே உதறி எடுத்துக்கொண்டு மணியை நோக்கி நடந்தார். கூடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் பலமாகத் தட்டினேன்.

"யாருய்யா அந்த ஒண்ணு?" என்றார் தலைவர்.

நான் எழுந்து நின்றேன். "தலைவர் அவர்களே! அதை மட்டும் கேக்காதீங்க. ரகசிய ஓட்டுங்கறது ஒரு மனுஷனோட கடைசி அந்தரங்கம். அதைக் காப்பாத்தத்தானே நாம இவ்வளவு போராடினோம்? அந்த ஒருத்தர் யாருன்னு இந்த உலகத்துல யாருக்கும்..."

வாட்ச்மேனின் துண்டு மணிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நாற்பத்தெட்டு கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் ஒலித்தன.

'ரகசிய வாக்கெடுப்பு இனிதே முடிந்தது. எதிர்த்து வாக்களித்தவர்: செயலாளர். நெற்றியில் ஈரம்: வியர்வை. தண்ணீர் அல்ல.'