புகையில்லா ஊரும் என் தம்பியின் குட்டியானையும்

அன்று காலை பஞ்சாயத்து ஆபீஸ் எதிரே நின்றவர்கள்: சைக்கிள் கொடுத்த கம்பெனியிலிருந்து வெள்ளைச் சட்டை சார். சென்னையிலிருந்து ஒரு மேடம். போட்டோ எடுக்க ஒருவர். அவர் பையைத் தூக்க ஒருவர். எங்கள் மகளிர் குழுத் தலைவி கலாக்கா. ஆரத்தித் தட்டோடு குழுப் பெண்கள் ஆறு பேர். சாவிக்கொத்தோடு நான். நிற்க வேண்டிய இருபது சைக்கிள் மட்டும் இல்லை.

(வந்த நாலு பேருக்கு இரண்டு கார். டிரைவர்கள் ஏசி போட்டு, எஞ்சினை ஓடவிட்டு உள்ளேயே இருந்தார்கள். இறங்காதவர்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை.)

எங்கள் ஊர் படப்பையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரகடம் கம்பெனிகளுக்குப் போகிறவர்கள் பைக்கிலும் ஷேர் ஆட்டோவிலும் போவார்கள். அந்தப் புகையைக் குறைக்கத்தான் சைக்கிள். காலை ஷிப்ட்காரர்கள் ஓட்டிப்போய் கம்பெனி கேட்டில் விடவேண்டும். நைட் ஷிப்ட் முடித்தவர்கள் அதையே ஓட்டி ஊருக்கு வரவேண்டும். இருபது சைக்கிள், நாற்பது பேர். பேப்பரில் அழகாக இருந்தது. எழுதினவர் நைட் ஷிப்ட் பார்த்தவர் இல்லை.

எட்டு மணி நேரம் லைனில் நின்றவன் சைக்கிள் மிதிக்க மாட்டான். நைட் ஷிப்டுக்கு மட்டும் விடும் கம்பெனி பஸ்ஸில் ஏறி ஜன்னலில் தலையைச் சாய்ப்பான். முதல் நாள் இருபது போனது. ஒன்றும் திரும்பவில்லை.

நான் ஒரகடம் கம்பெனி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலை. ஏழாவது வரை படிப்பு. குழு சைக்கிள் சாவிகளை என் கையில் கொடுத்ததும் மூளையும் வந்துவிட்டதாக நினைத்தேன். என் தம்பி ஏழுமலை குட்டியானை ஓட்டுகிறவன். டீசல் லோடு வண்டி. (அந்த ரோட்டில் அதைவிடக் கிழம் வேறு வண்டி இல்லை.)

"தெனம் சைக்கிள ஏத்திக்கினு வந்து ஊர்ல எறக்கிடு" என்றேன்.

"புகையக் கொறைக்கத்தானக்கா சைக்கிள் குட்த்தாங்க?"

"நீ வண்டிய ஓட்டு."

ரிஜிஸ்டரில் தினமும் 'இருபது போனது, இருபது வந்தது' என்று எழுதினேன். பொய் இல்லை.

மூன்று மாதம் கழித்துப் பார்வையிட வருகிறோம் என்றார்கள். திட்டம் நடந்தால் சைக்கிள் எங்களுக்கே. நடக்காவிட்டால் அடுத்த ஊருக்கு. எனக்கு அதில் ஒன்று வேண்டும். நாற்பத்தொரு வயதில் ஓட்டப் பழகினேன், முட்டி பெயர்ந்து. அதற்கு முன் ஷேர் ஆட்டோவில் பதினோராவது ஆளாகத் தொங்கிக்கொண்டு போனேன். திரும்ப அதில் ஏற மனமில்லை.

பத்து மணிக்கு வருகிறோம் என்றார்கள். எங்கள் ஊருக்குப் பத்து மணி என்று சொன்ன எவரும் பன்னிரண்டுக்கு முன் வந்ததில்லை. ஏழுமலைக்கும் வேறு லோடு இருந்தது. பதினொன்றுக்கு வா என்றேன். இவர்கள் ஒன்பதே முக்காலுக்கு வந்து நின்றார்கள்.

மேடம் காலி ஸ்டாண்டைப் பார்த்தார். "சைக்கிள்லாம் எங்கம்மா?"

"ஓடிக்கினு கீது மேடம்."

"எல்லாமேவா?"

"ஒண்ணுகூட நிக்கல."

சார் முகம் மலர்ந்தது. போட்டோக்காரர் காலி ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். கலாக்கா என் காதில், "இதுக்குமேல வாயத் தொறக்காதடி, கெலிச்சிட்டோம்" என்றாள். மற்ற ஊர்களுக்கு எங்களைத்தான் உதாரணம் காட்டப் போவதாக மேடம் பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், வெட்கமில்லாமல்.

பதினொன்று ஆகும் முன்பே திருப்பத்தில் குட்டியானை வந்தது. மேலே பத்து சைக்கிள், கயிறு போட்டுக் கட்டி. போ, போ என்று கையை ஆட்டினேன். (லோடு வண்டிக்காரனைப் பார்த்துக் கையை ஆட்டக் கூடாது. அவனுக்கு எல்லா ஆட்டமும் ரிவர்ஸ்தான்.) ஏழுமலை மரியாதையாக வண்டியைத் திருப்பி, ரிவர்ஸ் மணி அடிக்க, பின்பக்கத்தை விருந்தாளிகளிடம் கொண்டுவந்து நிறுத்தினான். மேடு என்பதால் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தான்.

ஆரத்தித் தட்டு தெரியவில்லை. கலாக்கா தெரியவில்லை. பேனரும் தெரியவில்லை. அதில் 'புகையில்லா ஊர்' என்று போட்டிருந்தது.

புகை கலைந்தபோது சார் சட்டை வெள்ளையாக இல்லை. மேடம் இருமிக்கொண்டே கேட்டார்.

"இந்த வண்டி எதுக்கு?"

"சைக்கிள ஏத்திக்கினு வர்றதுக்கு."

"ஏன்?"

"ஓட்டிக்கினு வர ஆள் இல்ல."

"டெய்லியா?"

"ஞாயித்துக்கெழம லீவு" என்றேன்.

ஏழுமலை இறங்கி வந்து வணக்கம் வைத்தான். "ரெண்டு ட்ரிப் மேடம். மீதி பத்து கேட்ல கீது. இட்டாந்துடவா?"

நாலு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு காருக்குப் போனார்கள். இரண்டு எஞ்சினும் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அதை எவரும் கேட்கவில்லை.

மறுநாள் சைக்கிள்களை அடுத்த ஊருக்கு ஏற்றிப்போக வண்டி தேடினார்கள். கிடைத்தது ஏழுமலையின் வண்டி. அதற்கும் இரண்டு ட்ரிப். ஏரிக்கரைத் திருப்பத்தில் ஒன்று கீழே விழுந்து முன்சக்கரம் அப்பளமாகிவிட்டது. சேதமானது வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார் சார். குழுவில் யாருக்கும் வேண்டாம். நான் படப்பைக்குத் தள்ளிப்போய்ச் சக்கரத்தை நிமிர்த்தினேன். இன்றும் இடப்பக்கமாக இழுக்கும்.

வீட்டில் தாளிப்பு கருகினால் என் வீட்டுக்காரர் கூடத்திலிருந்தே, "ரெண்டாவது ட்ரிப் வந்துட்ச்சா?" என்பார். ஏழுமலை பிள்ளைகளும் அதையே சொல்கின்றன.

எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள், இன்றைய தேதிக்கு, மொத்தம் ஒரு ஆள்.