நவக்கிரகத்தைச் சுற்றிய இலத்திரன்

அன்புள்ள பேத்தி சிந்துஜாவுக்கு,

பன்விலயிலிருந்து அம்மாயி எழுதிக்கொள்வது. இங்கே நான், ஆடு, என் மூட்டுவலி மூவரும் சௌக்கியம். அம்பிட்டியவில் உன் சுகத்துக்கு முருகன் பொறுப்பு.

நீ ஜப்பானுக்குப் படிக்கப் போகுமுன் வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் என் தங்கச்சி பாலம்மாவும் சேர்ந்து வந்து திருநீறு பூச வேண்டும் என்று கேட்டிருந்தாய். முடியாது. உன் படிப்பே என் பக்கம்தான் பேசுகிறது. நீ ஆராய்கிற பொருளுக்குள்ளே கரண்ட் ஓடாது, ஓரத்தில் மட்டும் ஓடும், கண்ணுக்குத் தெரியாத இலத்திரன் ஒரு விதமாகச் சுழன்றால் இப்படிப் போகும், மறு விதமாகச் சுழன்றால் எதிர்ப்பக்கம் போகும், குறுக்கே தூசி கிடந்தாலும் திரும்பாது, சுற்றிக்கொண்டு போய்விடும் என்று சொன்னது நீதானே? நானும் அப்படித்தான். உன் தாத்தா செத்த மறுவருஷம், இரண்டாயிரத்து நாலு, ஆவணி மாதம், வியாழக்கிழமை, பாலம்மா தன் மகள் கல்யாணத்தில் என் கையிலிருந்த ஆரத்தித் தட்டை, "நீ எடுக்கக் கூடாதுக்கா" என்று வாங்கினாளே, அன்றிலிருந்து ஒரே பக்கமாகத்தான் போகிறேன்.

போன சனிக்கிழமை உன் பயணத்துக்காக நவக்கிரகம் சுற்றப் போனேன். வலமாக ஏழு, பிறகு ராகு கேதுவுக்கு இடமாக இரண்டு. மூடுபனி கோயிலுக்குள்ளேயே வந்துவிட்டது. கால் தரையில் படுகிறதா இல்லையா தெரியவில்லை, விளக்குகள் மட்டும் மிதக்கின்றன, நானும் எடையில்லாமல் போய்க்கொண்டே இருக்கிறேன், எதிரே ஓர் உருவம் மிதந்து வருகிறது, பார்த்தால் பாலம்மா! அவளுக்கு எல்லாம் தலைகீழ். ராகு கேதுவைத்தான் முதலில் சுற்றுவாள். ஒரு பேச்சில்லை. சேலைத் தலைப்பு உரச, கடந்து கடந்து போனோம். நான் இடப்பக்கம் திரும்பினால் அவள் வலப்பக்கம்.

பூசாரி மோகனராஜ், "என்னா ஆத்தா, ரெண்டு பேரும் இப்பிடிச் சுத்துனா கெரகத்துக்கே தலை சுத்தாதா?" என்றான்.

"இலத்திரன் திரும்பாதுடா" என்றேன். மணியடிக்கப் போய்விட்டான்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நான் வர மாட்டேன். குளிரில் காதை மூடிக்கொள். ஒன்பது கிரகமும் உன்னோடு பிளேன் ஏறட்டும்.

இப்படிக்கு,
அம்மாயி காளியம்மா

பின்குறிப்பு: ஒன்றை எழுதாமல் விட்டேன். மனசுக்குள் அவளைத் திட்டிக்கொண்டே சுற்றியதில் கணக்குத் தவறிவிட்டது. உன் பயணமாச்சே, ஒரு சுற்றுக் குறைந்தால்? "எனக்கு எத்தனைடி ஆச்சு?" என்று கேட்டுவிட்டேன். "ஒன்னையே பார்த்துக்கிட்டு நானும் எண்ணலக்கா" என்றாள். ஒன்றிலிருந்து தொடங்கினோம், இரண்டு பேரும் ஒரே பக்கமாக. ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸிலேயே வருகிறோம். மன்னித்துவிட்டேன் என்று அவளிடம் சொல்லித் தொலைக்காதே. ஜன்னலோரம் யாருக்கு என்று இன்னும் பேசி முடியவில்லை.