சில்லரின் உயிலில் இல்லாத வீடு

நானூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் செத்துப்போன ஒரு தச்சனுக்காக, ஒஸ்லோவின் தே-பானா சுரங்க ரயிலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்த ஒரே தமிழர் எங்கள் சில்லர்தான். இதை அடித்துச் சொல்வேன்.

ஒஸ்லோ புறநகரான புருசெத்தில் எங்கள் அடுக்குமாடிப் புளொக்கின் நாலாம் மாடியில், பெண்சாதி பிள்ளை இல்லாமல், அவர் தனியாக இருந்தார். முதியோர் இல்லம் ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை. வாழ்நாளில் ஒரு ஆணிகூட அடித்தவரில்லை. நூலகம் கழித்துவிட்ட புத்தகங்களுக்குள் ஓர் ஆங்கிலக் கிராமத்தின் பழைய உயில்களின் தொகுப்பு அவருக்கு அகப்பட்டது. அதில் வண்டிச்சில்லு, அதாவது சக்கரம், செய்யும் ஒரு தச்சனின் குடும்பம் இருந்தது. அன்றிலிருந்து அவர் அந்தக் குடும்பத்துக்கு நெருங்கிய சொந்தம், எங்களுக்குச் சில்லர்.

தச்சன் தன் உயிலில் வாள், உளி, வாய்ச்சி எல்லாவற்றையும் மூத்த மகனுக்கு எழுதியிருந்தான். வீட்டையும் பட்டறையையும் எழுதவில்லை. அந்த ஊர் வழக்கப்படி அவை தாமாகவே கடைசி மகனுக்குப் போகும். ஆக, மூத்தவனிடம் கருவி இருந்தது, இடமில்லை. இளையவனிடம் பட்டறை இருந்தது, ஒரு சுத்தியல்கூட இல்லை.

“ரெண்டு பேரும் முகம் பார்க்கிறேல்லை,” என்பார் எங்கள் சாப்பாட்டு மேசையில்.

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்பேன் நான்.

“மூத்தவன்ரை உயிலிலை தம்பியின்ரை பேரே இல்லையே!”

“செத்து நானூறு வருசம். புட்டு ஆறுது, சாப்பிடுங்கோ அண்ணை,” என்பார் அம்மா.

சில்லர் கலக்கிய நிகழ்ச்சிகளை நான் பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். முதலிடம் ஒரு கல்யாண வீட்டுக்கு. மாலையோடு மாப்பிள்ளை இருக்கும்போது, அவருடைய அம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருந்துகொண்டு, “அந்த ஊரிலை மனுசன் செத்தால், மறுகலியாணம் கட்டும்வரைக்கும் வீடு மனுசிக்குத்தான், பிறகுதான் கடைசி மகனுக்கு. நல்ல ஏற்பாடு, என்ன?” என்று கேட்டார். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்திலும் அவருக்குக் கடைசி வரிசைதான்.

இன்னொன்று புளொக் கூட்டத்தில் நடந்தது. இறந்துபோன ஒருவரின் கார் நிறுத்துமிடம் யாருக்கு என்று பேச்சு. சில்லர் எழும்பி, தச்சனின் ஊரில் ஆள் செத்தால் அவனுடைய மிக நல்ல மாடு பண்ணையாருக்குப் போகும் என்று நோர்வீஜிய மொழியில் விளக்கினார். தலைவர் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் மாடிப்படியில் அறிவித்தல் தொங்கியது: கால்நடை வளர்க்கத் தடை.

சிரித்தோம். ஆனால் சில்லருக்கும் ஒரு வீடு இருந்தது. யாழ்ப்பாணத்தில், அவர் பெயரில். அதில் கல்யாணம் கட்டாத ஒரே தங்கை, வீட்டின் கடைசிப் பிள்ளை, இருந்தார். லண்டனில் இருந்த அண்ணன் அதை விற்கச் சொல்லி நெருக்கிக்கொண்டிருந்தார். வீடு தங்கைக்குத்தான் போய்ச்சேர வேண்டும். சில்லருக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

இதயத்தில் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்ததும், உயில் எழுத என்னிடம் வந்தார். நான் அப்போதுதான் மென்பொருள் சோதிக்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். தமிழில் தட்டச்சும் தெரியும். தச்சனின் உயிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்து வீட்டில் இருந்தவற்றை அறை அறையாகச் சொல்லிக்கொண்டே போனார். தையல் மெசின், தேங்காய் துருவலை, ஒரு கால் ஆடும் கதிரை. அறுபத்து மூன்று பொருட்கள், எல்லாம் தங்கைக்கு.

“ஓட்டை வாளியுமா மாமா?”

“ஓமோம். தச்சன் ஓட்டைச் சட்டியும் எழுதினவன்.”

“வீடு எங்கை?”

“விசர்ப்பிள்ளை! வீடு உயிலிலை வராது. அது வழக்கப்படி தானாக் கடைசிக்குப் போகும்.”

நான் நோர்வேயின் வடகோடியில் பாட்ஸ்பியோர்ட்டில் பிறந்தவள், மீன் தொழிற்சாலைக்கு வந்த பெற்றோரின் பிள்ளை. யாழ்ப்பாணத்து வழக்கம் எனக்கு என்ன தெரியும்? கேள்வி கேட்டாயிற்று, பதில் வந்தாயிற்று. சரி அடையாளம் போட்டேன். அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் சாட்சிக் கையெழுத்து வைத்தார்கள்.

சிகிச்சைக்குப் போன சில்லர் திரும்பி வரவில்லை.

யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணி தொலைபேசியில் சொன்னார்: வாளியும் கதிரையும் தங்கைக்கு. வீடு உயிலில் இல்லை, ஆகவே அண்ணனுக்குப் பாதி, தங்கைக்குப் பாதி.

“கடைசிப் பிள்ளைக்குத் தானாகப் போகாதா?” என்றேன்.

“அப்பிடி ஒரு வழக்கம் இஞ்சை எந்தக் காலத்திலையும் இருக்கேல்லையே, தங்கச்சி. ஆர் சொன்னது?”

அப்போதுதான் விளங்கியது. சில்லர் சொன்னது தச்சனுடைய ஊர் வழக்கத்தை. அந்தக் கிராமத்தில் அவ்வளவு காலம் குடியிருந்தவர், எந்த ஊர்ச் சட்டம் தன்னுடையது என்பதையே மறந்துபோனார். ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்பதற்குத்தான் எனக்கு வேலை தந்திருந்தார்கள். அவரிடம் மட்டும் நான் ஒரு தரத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

அண்ணன் விடவில்லை. வீடு விற்கப்பட்டது. பாதிக் காசுக்கு வேறு வீடு கிடைக்காமல், தங்கை அறுபத்து மூன்று பொருட்களோடும் ஒரு வாடகை அறைக்குப் போனார். மன்னிப்புக் கேட்க அவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“நான் இன்னொருக்கால் கேட்டிருக்கவேணும் அன்ரி.”

“கேட்டிருந்தால் அண்ணைக்குக் கோவம் வந்திருக்கும் பிள்ளை,” என்றார் அவர், என்னைத் தேற்றுவதுபோல.

வந்திருக்கட்டும். சில்லர் இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்திருப்பார். மூன்றாம் நாள் வந்து பெல் அடித்திருப்பார். நான் ஓடிப்போய்த் திறந்திருப்பேன்.