தளபதி லிசார்தோ கிணற்றில் விழுந்த வழக்கு

"அவ்ளோ பெரிய வீரன்னா, ஒரு வாத்து துரத்தினதுக்கு ஏன்யா கிணத்துல குதிச்சான்?"

"குதிக்கல. பதுங்கினான். அது போர்த் தந்திரம்."

"முழங்கால் பேந்து அம்மான்னு அலறினானே, அதுவும் தந்திரமா?"

வாழ்க எவேலியோ! பினார் தெல் ரியோ நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலையின் சன்னலோர மேசைக்குத் தனிப்பெருங் காவலன். இலை சுருட்டும் வேளையில் இளந்தென்றல் விரலோன். வாய் திறக்கும் வேளையில் கார்காலப் புயல் போன்றோன். பசியிலும் உறக்கத்திலும் மனைவியின் முறைப்பிலும் ஒருமுறையேனும் தோல்வியை ஒப்புக்கொள்ளாத ஓங்குபுகழ் நாவினன் வாழ்க! புகையிலைக் கொழுந்தே, தும்மலின் தாயே, இந்த மாபெரும் வழக்கைப் பாடப் புகும் நாவுக்குக் கொஞ்சம் காரம் கொடு.

அவனை எதிர்த்து வினா தொடுத்தவளோ வெளியூர்ப் பகைவி அல்லள். அதே மேசையில், அவன் முழங்கை இடிக்கும் தூரத்தில், எட்டாம் மாதத்து வயிற்றைக் கோட்டை மதில்போல் முன்னிறுத்தி அமர்ந்திருந்த அவன் மனைவி இசௌரா. வயிற்றில் இருப்பது ஆண்பிள்ளை என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து மூண்டது இந்தப் போர். பிள்ளைக்கு லிசார்தோ என்று பேர் வைக்க வேண்டும் என்றான் எவேலியோ. தன் தம்பி பேரை, ரெமிஹியோ என்று வைக்க வேண்டும் என்றாள் இசௌரா.

லிசார்தோ யாரெனில், அத்தொழிற்சாலையில் மாதக்கணக்காக வாசிக்கப்பட்டு வந்த தடித்த நாவலின் நாயகன். அந்தச் சாலையில் கைகள் இலைக்குச் சொந்தம், காதுகள் வாசிப்பவளுக்குச் சொந்தம். உயர்ந்த மேடையில் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து, காலையில் செய்தித்தாளும் பிற்பகலில் கதையும் வாசிக்கும் ஒடாலிஸ் என்பவளே அந்நாட்டின் அரியணையரசி. அவள் வாசித்தது பிடித்திருந்தால், இலை நறுக்கும் பிறைக்கத்தியின் தட்டைப் பக்கத்தால் எல்லோரும் பலகையைத் தட்டுவார்கள். பிடிக்காவிட்டால் கத்தியைத் தரையில் போடுவார்கள். அமைச்சர் வந்து பேசினாலும் அதே தீர்ப்புமுறைதான். அந்த ஓசைக்கு மேல்முறையீடு கிடையாது.

"என் லிசார்தோவுக்கு நிகரான வாள்வீரன் நிலத்திலும் இல்லை, நீரிலும் இல்லை" என்று நூலாசிரியர் முன்னுரையிலேயே முரசறைந்திருந்தார். அம்முரசொலி எவேலியோவின் நெஞ்சில் அன்று புகுந்தது, பிறகு வெளியேறவே இல்லை. ஆனால் அத்தியாயங்களோ வேறு கதை சொல்லின. நிகரற்ற வாள்வீரன் சமையற்காரனிடம் கரண்டியால் அடிபட்டு வாளைப் பறிகொடுத்தான். பகைவனோடு தனிப்போர் புரிய நின்றவன் தும்மிக்கொண்டே ஓடைக்குள் சரிந்தான். வாத்துக்கு அஞ்சிக் கிணறு புகுந்தான். சற்று முன்பு முடிந்த அத்தியாயத்தில் சத்திரத்து விதவை ஒருத்தி ஈரத் துடைப்பத்தால் அவனை மாடிப்படிகள் அத்தனையிலும் உருட்டிவிட்டிருந்தாள். காப்பி இடைவேளை மணி அடித்த அக்கணமே, இசௌரா எழுந்து, சாலையே சாட்சியாக அறைகூவல் விடுத்தாள்.

"நீங்களே சொல்லுங்கப்பா. முன்னுரைய வச்சு அவன் வீரன்னா கத்தியத் தட்டுங்க, லிசார்தோன்னே வச்சிக்கிறேன். நடந்தத வச்சு அவன் வெத்துவேட்டுன்னா கீழ போடுங்க, என் தம்பி பேருதான். அப்புறம் இவன் வாயத் திறக்கக் கூடாது."

"ஒத்துக்கிறேன்!" என்று கர்ஜித்தான் எவேலியோ.

காப்பிக் கோப்பைகள் காற்றில் நின்றன.

முதல் கணை எவேலியோவினுடையது. "படைச்சவனே சொல்றான், நிகரில்லாத வீரன்னு. பிள்ளையோட பலம் பெத்தவனுக்குத் தெரியுமா, பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரியுமா?"

"கடவுளுந்தான் மனுசனப் படைச்சிட்டு நல்லா வந்திருக்குன்னார்" என்றாள் இசௌரா. "மத்தியானச் சோத்து வரிசையில வந்து நின்னு பாக்கச் சொல்லு அவர."

பலகைகள் அதிர்ந்தன. மேடையில் இருந்த ஒடாலிஸ்கூடச் சிரிப்பை மறைக்கப் புத்தகத்தை முகத்துக்கு உயர்த்தினாள்.

"அவன் பலத்த அடக்கி வச்சிருக்கான். முழுசாக் காட்டினா எதிரி தாங்க மாட்டான்."

"துடைப்பக்கட்டையால வெளுக்கிறப்பக்கூட அடக்கியேதான் வச்சிருந்தானா? எப்பதான்யா வெளிய எடுப்பான்?"

"செத்தா போடுறதுக்குன்னு எடுத்து வச்ச கோட்டு மாதிரி போலருக்கு!" என்று பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்தான் பௌலினோ. கிழட்டுச் சிங்கம்போல் இருமும் பெருந்தொண்டையன் அவன். எந்தப் போரிலும் எப்பக்கமும் சேராமல் இரு பக்கமும் கல்லெறியும் நடுநிலையாளன்.

யானைப்படை சிதறிய பின்னும் ஒற்றைத் தேரில் நின்று வில் வளைக்கும் வேந்தனைப்போல் எவேலியோ அஞ்சாது நின்றான். "உன் தம்பி ரெமிஹியோ மட்டும் என்னத்தக் கிழிச்சான்? எந்த முன்னுரையில அவன் பேரு இருக்கு?"

அந்தோ, கேட்டிருக்கக் கூடாத கேள்வி.

"புயல் அன்னிக்கு இடுப்பளவு தண்ணியில நம்ம குளிர்பெட்டியத் தலையில தூக்கிட்டுப் போனான். ஒரு வார்த்தை பேசல, போய் வச்சிட்டு வந்தான். நீ எங்க இருந்த? மேசை மேல நின்னு 'பாத்து, பாத்து'ன்னுட்டிருந்த." அவள் மூச்சு வாங்கினாள். அவள் வயிறும் மூச்சு வாங்கியது. "முன்னுரைய நம்பித்தான்யா நானும் ஒருத்தனக் கட்டினேன். கூரைய மாத்துவேன், கடல் காட்டுவேன், ஞாயித்துக்கிழமை நானே சமைப்பேன்னு எவ்ளோ அழகான முன்னுரை! முதல் அத்தியாயத்துலேர்ந்து மழை கட்டில் மேலதான் பெய்யுது."

கடலலை கரையை அறைந்ததுபோல் எழுந்தது சிரிப்பு. அதில் எவேலியோவின் காதுகள் பிளந்த செங்கொய்யாவாகச் சிவந்தன. அவன் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. ஒவ்வொரு கோடையிலும் அந்தக் கூரையை அவன் மனத்தால் ஓடு ஓடாக மாற்றியிருக்கிறான். எந்த ஓடு எங்கே வரும் என்பதுகூட அவனுக்குத் தெரியும். செய்ததை மட்டுமே எண்ணுவார்கள் என்றால், அவனிடம் எண்ணுவதற்கு என்ன மிஞ்சும்? அவன் பிறந்தபோது அவன் அப்பா நாட்காட்டியைப் பார்த்து, அன்றைய புனிதர் பேரையே வைத்துவிட்டார். அந்தப் புனிதர் என்ன செய்தார் என்று கேட்டால் பாதிரியாருக்கும் தெரியவில்லை. தன் மகனுக்காவது, கூப்பிடும்போதே தெரு திரும்பிப் பார்க்கிற ஒரு பேர் வேண்டும். அவ்வளவே அவன் கேட்டது.

எனவே எழுந்தான் எவேலியோ. மலை எழுந்ததுபோல், நாற்காலி பின்னால் சாய எழுந்தான். கையில் பிறைக்கத்தி, விரல்களில் சுருட்டின் முனை ஒட்டும் ஈரப் பசை, கண்களில் கடைசிக் களத்தின் கனல்.

"எல்லாரும் கேளுங்க! உங்கள்ல யாரு முழுசா வெளிய வந்திருக்கீங்க? பௌலினோ, உனக்குப் பாட வரும்னு உனக்குத் தெரியும். நாங்க கேட்டதெல்லாம் இருமல்தான். அதுக்காக உனக்குப் பாட்டே வராதா?"

பௌலினோ இருமலை விழுங்கினான்.

"ஒருத்தன் கடைசிப் பக்கம் வரைக்கும் அடி வாங்கட்டும். அவன் யாருன்னு அவன எழுதினவனுக்குத் தெரியும். அவன் ஒருத்தனாச்சும் நம்பினான்ல? இன்னொண்ணு கேக்குறேன். இதோ, இங்க உள்ள இருக்கிற பிள்ளை இன்னும் ஒண்ணுமே செய்யல. ஒரு வாத்தக்கூடப் பாத்ததில்ல. செஞ்சத வச்சுத்தான் பேருன்னா, அதுக்கு நாம என்னன்னு பேரு வைக்கிறது?"

இலைக்கட்டுகளும் செவிசாய்த்தன. இரும்பு இதயம் கொண்டோர் என ஊரே அஞ்சும் பொதி கட்டும் பெண்கள் மூக்கைத் துடைத்தார்கள். இசௌரா கணவனை, மணமான நாளுக்குப் பின் பார்க்காத ஒரு பார்வை பார்த்தாள். பார்த்துவிட்டு, மெல்ல, தன் பிறைக்கத்தியைத் தட்டைப் பக்கமாகத் திருப்பினாள். வரிசை வரிசையாகக் கத்திகள் திரும்பின. இன்னும் ஒரு மூச்சுதான், இடிமுழக்கமாய்த் தட்டொலி எழ. வெற்றித் திருமகள் சன்னல் வழியே ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள்.

அந்த வெற்றியை இரு கை விரித்து ஏற்க, கைகளை வானோக்கி உயர்த்தினான் எவேலியோ.

பசை வழுக்கியது.

ணங்.

பிறைக்கத்தி தரையில் விழுந்து, இரண்டு முறை துள்ளி, வெறுப்பின் அந்தப் பழம்பெரும் ஓசையை எழுப்பிவிட்டு அடங்கியது. அந்த ஓசை கேட்டால் சிந்திக்கும் வழக்கம் அச்சாலையில் யாருக்கும் இல்லை. ஒரு கத்தி விழுந்தால் அடுத்த கை தானாக விரியும். பக்கத்து மேசையில் ஒன்று விழுந்தது. முன்வரிசையில் நாலைந்து. பின்பு ஆலங்கட்டி மழையென, அருவியென, சங்கிலி அறுந்த நங்கூரமென, மொத்தச் சாலையும் தன் கத்திகளைத் தரையில் கொட்டியது. இசௌராவின் கத்தி மட்டும் கையிலேயே இருந்தது.

"ஐயோ, நழுவிடுச்சு! நான் போடல! நான் நினைச்சது வேற!"

ஒடாலிஸ் ஒலிவாங்கியை அருகில் இழுத்தாள். "நீ நினைச்சது எங்களுக்குக் கேக்கல, எவேலியோ. விழுந்ததுதான் கேட்டுச்சு."

இடைவேளை முடிந்ததற்கான மணி அடித்தது. வென்றவர்களும் தோற்றவர்களும் எந்தப் பக்கம் என்றே அறியாதவர்களும் மேசைக்கடியில் குனிந்து தத்தம் கத்தியைத் தேடினார்கள். ஒடாலிஸ் பக்கத்தைப் புரட்டித் தொண்டையைச் செருமினாள். கொடி சாய்ந்து, முரசு கிழிந்து, குடையும் மாலையும் புழுதியில் கிடக்க, எரிந்த நகரின் நடுவே தனித்து நிற்கும் கடைசி மன்னனைப்போல் நெடுநேரம் நின்ற எவேலியோ, சாய்ந்த நாற்காலியை நிமிர்த்தி, உட்கார்ந்து, இலையை நறுக்கத் தொடங்கிவிட்ட மனைவியின் பக்கம் தலையைச் சாய்த்தான்.

"லிசார்தோவ நடுப்பேராவாச்சும் வைக்கலாமா, இசௌரா?"