அஷ்டமிக்கு ஒரு குல்லாய்

"அஷ்டமி. விடாத மழை. மதியம்: வெங்காய சூப், ரொட்டி. உடை: குல்லாய் ஒன்று."

என் 2004ஆம் ஆண்டு நாட்குறிப்பில், அக்டோபர் மாதப் பக்கம் ஒன்றில் இப்படி இருக்கிறது. நாட்குறிப்பு எழுதுகிறவன் கூட்டியும் எழுதக் கூடாது, குறைத்தும் எழுதக் கூடாது என்பது என் கொள்கை. இந்தப் பதிவில் இரண்டும் இல்லை. அன்று மதியம் பிரான்ஸ் தேசத்தின் மேற்குக் கடற்கரையில், நாலு பேர் முன்னிலையில், என் உடம்பின் மேல் இருந்தது பழுப்பு நிறக் குரங்குக் குல்லாய் ஒன்றுதான். அந்த நிலைக்கு வந்துசேர நான் மாதக்கணக்கில் திட்டமிட்டேன் என்பதுதான் இதில் வெட்கக்கேடு.

அப்போது கல்கத்தாவில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் இருந்தேன். முப்பத்தொன்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. (என் ஜாதகம் ஊர் ஊராகச் சுற்றிய அளவுக்கு நான் சுற்றியதில்லை.) லேக் கார்டன்ஸில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தேன். கீழே வீட்டுக்காரர்கள்: சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தாதா, அவர் மனைவி பௌதி. தாதா என்றால் அங்கே அண்ணன், பௌதி அண்ணி. (நான் குடிவந்த புதிதில், 'வீட்டுக்காரர் ஒரு தாதா, ரொம்ப நல்லவர்' என்று எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு ஸ்ரீரங்கத்தில் என் அக்கா பல நாள் தூங்கவில்லை.)

துர்கா பூஜைக்குக் கல்கத்தாவில் எல்லோரும் புதுத்துணி எடுப்பார்கள். சப்தமிக்கு எது, அஷ்டமிக்கு எது என்று வெகு முன்னாலேயே பேச்சு தொடங்கிவிடும். நானும் வருஷா வருஷம் ஒரு சட்டை எடுப்பேன். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பேன். அலுவலகம் மூடியிருக்கும். மெஸ் மூடியிருக்கும். தாதாவும் பௌதியும் ஒரிசாக் கடற்கரையில் இருக்கிற பூரிக்குப் போயிருப்பார்கள். நன்றாக இருக்கிறது என்றோ கண்றாவி என்றோ சொல்ல ஓர் ஆள் கிடையாது. பந்தல் பந்தலாகப் பார்த்துக்கொண்டு பெஹாலா வரை நடப்பேன். நெரியும் கூட்டம்தான், ஆனால் யார் காலையாவது மிதித்தால் ஒழிய ஒரு வார்த்தை பேச வழியில்லை. (சில சமயம் மிதித்திருக்கிறேன்.)

2003 பூஜை முடிந்த பிறகு, நூலகத்தில் ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகை கையில் கிடைத்தது. ஆடையில்லாமல் விடுமுறை கழிக்கிறவர்களுக்கென்றே ஐரோப்பாவில் விடுதிகள் இருப்பதைப் பற்றி ஒரு கட்டுரை. மற்றவர்கள் படங்களைப் பார்த்திருப்பார்கள். நான், சத்தியமாக, கட்டுரையைப் படித்தேன். துணியைக் கழற்றியதும் அந்தஸ்தும் கழன்றுவிடுகிறதாம். முன்பின் தெரியாதவர்கள்கூட முதல் நாளே கூப்பிட்டுத் தங்கள் மேசையில் உட்காரவைத்துக்கொள்கிறார்களாம். புதுச்சட்டையைப் பார்க்க ஆளில்லாதவனுக்குச் சட்டையே வேண்டாத ஊர். எனக்கு வேண்டியிருந்தது அந்த மேசை. துணி விஷயம் அதற்கான நுழைவுக் கட்டணம் என்று நினைத்தேன். கல்யாணத்துக்கென்று சேர்த்த பணம் வங்கியில் சும்மா வளர்ந்துகொண்டிருந்தது.

எங்கே தங்குவது என்பதுதான் கேள்வி. ரயில்வே கேட் அருகே ஒரு சைபர் கஃபே இருந்தது. இணையம் அந்தக் காலத்தில் படத்தை மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இறக்கும். முதலில் மரங்கள் வரும். பிறகு தலைகள். பிறகு தோள்கள். கடைக்காரர் கையில் டீயுடன் பின்னால் நடமாடிக்கொண்டிருப்பார். தோள் வந்ததும் நான் ரயில் அட்டவணைக்கு மாறிவிடுவேன். ஐரோப்பாவின் பல விடுதிகளை நான் தோள் வரை நன்கு அறிவேன்.

கடைசியில் மூன்று இடங்கள் தேறின. ஒன்று, கடைத்தெரு, நீச்சல் குளம் எல்லாம் கொண்ட பெரிய குடியிருப்பு. கூட்டத்துக்கு நடுவில் தனியாக நிற்க நான் பிரான்ஸ் போக வேண்டியதில்லை, பெஹாலா போதும். இன்னொன்றிலிருந்து, தம்பதிகளுக்கு மட்டும்தான் இடம், தனி ஆண்களைச் சேர்ப்பதில்லை என்று பணிவாகப் பதில் வந்தது. (கல்கத்தாவில் வீடு தேடியபோது கேட்ட அதே வாக்கியம். அப்போதாவது நான் சட்டை போட்டிருந்தேன்.) மூன்றாவது, பைன் மரக்காட்டுக்குள் ஒரு வயதான தம்பதி நடத்திய சின்ன விடுதி. சில மரக்குடில்கள், ஒரு சாப்பாட்டுக் கூடம். அவர்கள் அறிமுகத்தில் ஒரு வரி இருந்தது: "எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறோம்." அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

கீழே போய், பிரான்ஸில் ஒரு கடலோர விடுதி என்று மட்டும் சொன்னேன். (அவர்கள் பேசியது வங்காளம், என் காதில் அது எப்போதும் தமிழாகத்தான் விழும்.)

"எப்போ போறீங்க சேதுபாபு?" என்றார் தாதா.

"பூஜா லீவுலதான்."

"அப்போ இன்னைக்கே எழுதிப் போடுங்க. பூஜா ரஷ். போன வருஷம் நாங்க அவ்வளவு முன்னாடி எழுதியும் பூரியில சமையல்கட்டுப் பக்கத்து ரூம்தான் கிடைச்சுது. நாள் பூரா மீன் வாசனை."

"வாசனைதான் வந்துது," என்றார் பௌதி. "மீன் வரல. அதான் இவருக்கு வருத்தம்."

அன்றே எழுதினேன். பூஜை நெரிசலை முன்னிட்டு எனக்கு ஓர் இடத்தை உறுதிசெய்து வைக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டேன். அந்தச் சமயத்தில் இடத்துக்குச் சிரமமே இருக்காது, எந்தக் குடிலை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. பிரெஞ்சுக்காரர்களின் பண்பு என்று எடுத்துக்கொண்டேன். அக்டோபரில் உலகம் முழுக்கப் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பும் என்பது, கல்கத்தாவில் பல வருஷம் இருந்தவனுக்குச் சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி. தேதிகளைச் சரிபார்ப்பதையே பொழுதுபோக்காகக் கொண்ட நான் இதை மட்டும் சரிபார்க்கவில்லை.

பெட்டியைப் பௌதி கட்டினார். ஸ்வெட்டர், மஃப்ளர், கம்பளிக் காலுறை, கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற அந்தக் குரங்குக் குல்லாய். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு புதுப் பஞ்சாபி. பஞ்சாபி என்றால் ஜிப்பா.

"அஷ்டமி அன்னைக்கு இதைப் போட்டுக்கணும்," என்றார். "பார்க்க ஆள் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி."

ஆடையில்லா விடுதிக்கு அத்தனை ஆடையோடு போனவன் நானாகத்தான் இருப்பேன்.

சப்தமி அன்று இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தேன். கனத்த கோட்டு அணிந்த ஓர் அம்மாள் குடிலைக் காட்டிவிட்டு, மறுநாள் மதியம் மணி அடித்ததும் சாப்பிட வரச் சொன்னார். காலையில் மழை. ஜன்னலுக்கு வெளியே மரங்களைத் தவிர ஒன்றும் இல்லை. எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பொது இடங்களில் உடை கூடாது என்று குடிலில் வைத்திருந்த விடுதிக் கையேடு சொன்னது. அதன் கீழே சிறிய எழுத்தில் 'வானிலை இடம் கொடுத்தால்' என்று இருந்தது. எந்தப் புத்தகத்திலும் அடிக்குறிப்பை விடாமல் படிக்கிற நான் அதை ஊர் திரும்பும் விமானத்தில்தான் படித்தேன்.

மணி அடித்தது. பஞ்சாபி கட்டிலில் கிடந்தது. அதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். உட்காரும் இடத்தில் விரிக்கத் துண்டை எடுத்துக்கொண்டேன். (அதுவும் விதி. கையில் இருப்பது உடை ஆகாது.) கதவைத் திறந்தால் கொட்டுகிறது. மழையில் தலை நனையக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மற்ற உறுப்புகளைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை. குல்லாயை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

கூடத்தில் நாலு பேர் இருந்தார்கள். அந்த அம்மாள். அவர் கணவரான பெரியவர். குளிர்காலத்தில் உறைந்து வெடிக்காமலிருக்கக் குழாய்களிலிருந்து தண்ணீரை வடித்துவிட வந்த பிளம்பர். தபால் கொடுக்க வந்த பெண். நாலு பேரும் கோட்டில் இருந்தார்கள். பிளம்பரின் ஸ்பூன் பாதி வழியில் நின்றது. என் கைகளில் ஒன்று எதையாவது மறைத்தாக வேண்டும் என்று தவித்தது. எதை என்று யோசிக்க நேரமில்லாமல் குல்லாயை இழுத்து முகத்தை மறைத்தது.

"ஐயா," என்றார் அம்மாள் மெல்ல, தெரிந்த ஆங்கிலத்தில். "சீசன் முடிஞ்சுபோச்சே. இந்த வாரம் நீங்க ஒருத்தர்தான்."

குல்லாயின் கண் ஓட்டை வழியாகப் பார்த்தேன். மேசை நீளமாகத்தான் இருந்தது. நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவரோரம் கயிறு கட்டியிருந்தார்கள். வெட்கம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. அதற்கு முன்னால் வந்தது வேறு: இன்னொரு பூஜை, இன்னொரு அஷ்டமி, நான் மறுபடியும் தனியாக நிற்கிறேன், இந்த முறை சட்டைகூட இல்லாமல்.

திரும்பி ஓடியிருப்பேன். அதற்குள் பெரியவர் எழுந்தார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். பிறகு ஸ்வெட்டர். பிறகு சட்டைப் பித்தான்கள், ஒவ்வொன்றாக, ஓர் அவசரமும் இல்லாமல். அம்மாள் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். மொழி தெரியாவிட்டாலும் அந்தத் தொனி எனக்குத் தெரியும். பௌதி தாதாவிடம் பேசுவது: உங்களுக்கு நெஞ்சுச்சளி, வேண்டாம். அவர் கேட்கவில்லை. எல்லாவற்றையும் மடித்து வைத்துவிட்டு, ஒரு துண்டை விரித்து உட்கார்ந்தார். கயிற்றை அவிழ்த்து எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவரச் சொல்லி, அதைத் தன் எதிரே போடவைத்தார். பிளம்பர் தலையைக் குனிந்து மறுபடியும் சூப் குடிக்கத் தொடங்கினார்.

"நீங்க ஏன் இப்போ வந்தீங்கன்னு கேக்கிறார்," என்றார் அம்மாள்.

பூஜையைப் பற்றிச் சொன்னேன். பந்தல்கள், மேளம், புதுத்துணி. புதுத்துணித் திருவிழாவுக்காகத் துணியில்லாத இடத்துக்கு வந்த கதையைச் சொன்னபோது அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. நான் மழையில் குடிலுக்கு ஓடிப் போய்ப் பௌதியின் மஃப்ளரைக் கொண்டுவந்து அவர் கழுத்தில் சுற்றினேன். (பஞ்சாபியையும் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். தோன்றவில்லை.) குல்லாயோடு ஒருவன், மஃப்ளரோடு ஒருவர், இருவருக்கும் பல் தந்தியடிக்க, சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருந்தோம். தாதாவைப் போல அவரும் ரயில்வேயில் இருந்தவராம். மறுநாளிலிருந்து நாங்கள் எல்லோரும் கோட்டில்தான் சாப்பிட்டோம். அந்த மதியத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

கல்கத்தா திரும்பியதும் பௌதி முதலில் கேட்டது பஞ்சாபியைத்தான்.

"அஷ்டமிக்குப் போட்டுக்கிட்டீங்கள்ல?"

"இல்ல பௌதி."

"குளிர்னு ஸ்வெட்டர் போட்டு மறைச்சிட்டீங்களா?"

"ஸ்வெட்டரும் போடல."

"பின்ன என்னதான் போட்டீங்க?"

"குல்லா."

தாதா பத்திரிகையைக் கீழே இறக்கினார். முழுவதையும் சொல்லிமுடித்தபோது பௌதி மாடிப்படியில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பூஜைக்கு நீங்க தனியாவா இருக்கீங்க, இத்தனை வருஷமா?" என்றார். அடுத்த வருஷம் பூரிக்கு மூன்று டிக்கெட் எடுத்தார்கள். விடுதியில் அறைப் பையன் கம்பளி எத்தனை வேண்டும் என்று கேட்டபோது தாதா, "எங்களுக்கு ரெண்டு. இவருக்குத் தலைக்கு மட்டும் போதும்," என்றார்.

இப்போது நான் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன். தாதா இல்லை. அஷ்டமி அன்று காலையில் அந்தப் பழைய பஞ்சாபியைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பேன். போன் அடிக்கும். "குல்லா போட்டாச்சா சேதுபாபு?" என்பார் பௌதி. ஆச்சு என்பேன். "வேற ஒண்ணும் இல்லையே?" என்பார். அன்று எனக்கு வருகிற போன் அது ஒன்றுதான்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. அந்தப் பெரியவர் எந்த விருந்தாளி அப்படி வந்து நின்றாலும் குளிரைப் பார்க்காமல் அப்படித்தான் உட்காருவாரா, இல்லை அன்று எனக்காக மட்டும் உட்கார்ந்தாரா? எழுதிக் கேட்கத் துணிவு வரவில்லை; பிற்பாடு கேட்டபோது பதில் வரவில்லை. எனக்காகத்தான் என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது. இது சரிபார்க்கப்படவில்லை.