தரகர் பட்டினி கிடந்த நாட்கள்

அந்தக் காலத்துக் கோயம்புத்தூர் ஜில்லாவில் பாதிக் குடும்பங்கள் எங்கள் சிங்காநல்லூர்த் தரகரின் பொய்யால் உண்டானவை. மாப்பிள்ளைக்கு வழுக்கை என்றால், "நெத்தி அகலமுங்க, அதிஷ்டக்காரப் பையன்" என்பார். ஒரே வகுப்பில் மூன்று வருஷம் கிடந்தவனை, "வாத்தியாருங்க பிரிய மனசில்லாம வெச்சுக்கிட்டாங்க" என்பார். அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

போகிற வீட்டிலெல்லாம் பலகாரம் தின்று வளர்ந்த உடம்பு. ஒருநாள் நெஞ்சு படபடக்கிறது என்று டாக்டரிடம் போனார். டாக்டர் எடை பார்த்து மிரண்டுபோய், இருபது ராத்தல் குறைத்தே தீரவேண்டும் என்றுவிட்டார். "வாயைக் கட்டுங்க. காலையில குளத்தைச் சுத்தி நடங்க. மனசு லேசாகும், புத்தி தெளியும்."

மறுநாளே கொள்ளு ரசமும் நடையும் ஆரம்பமாயின. முதல் வாரம் முழுக்கக் கோபம். தெருநாய் குரைத்தால்கூட நின்று பதில் சொன்னார். இரண்டாம் வாரம் டாக்டர் சொன்னபடியே புத்தி தெளிந்தது. வினையே அதுதான். பொய் சொல்வதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும் போலிருக்கிறது!

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு அம்மாள், "பையன் ஒசரமுங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"முக்காலி மேல நின்னா ஒசரமுங்க."

"வேலைக்குப் போவாருங்களா?"

"ஆராச்சும் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாப் போவாருங்க."

அந்த வரன் அங்கேயே முறிந்தது. அந்த மாதம் அவர் தொட்டதெல்லாம் முறிந்தது.

இந்த நேரம் பார்த்தா என் முறை வரவேண்டும்? நான் மில்லில் குமாஸ்தா. எனக்குப் பார்த்தது பெருந்துறைப் பெண். உறவில் ஒரு கல்யாணத்தில் அவளைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. கிளம்பும்போது அம்மா தரகரிடம் கெஞ்சினாள். "ஏனுங்க, ரண்டே ரண்டு இட்லி தின்னுபோட்டுப் போங்க."

"டாக்டரு வைவாருங்க அம்மணி."

பெண் வீட்டில் நெய் மிதக்க ஒப்பிட்டு என்கிற போளி வந்தது. தரகர் தட்டைத் தொடவில்லை, அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணின் அப்பா மெல்லக் கேட்டார். "பையன் கொணம் எப்படிங்க?"

நான் அவசரமாகத் தட்டைத் தரகர் பக்கம் நகர்த்தினேன்.

"முன்கோபிங்க. கொழம்புல உப்புக் கொறஞ்சாத் தட்டுப் பறக்கும். அப்பறம் பத்து நிமிசத்துல அவனே மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு வந்து தட்டக் கழுவி வெப்பானுங்க. அவ்வளவுதானுங்க இவன்."

தொலைந்தது என்று தலையைக் குனிந்துகொண்டேன். பெண்ணின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இதுவரைக்கும் ஒம்பது வரன் வந்துதுங்க. ஒம்பதும் சொக்கத்தங்கம்னாங்க. கோவக்காரன்னு சொல்லிக் கூட்டியாந்தது நீங்க ஒருத்தர்தானுங்க. இதையே முடிச்சுப்போடலாமுங்க."

உள்ளே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவளேதான்.

கல்யாணத்துக்குள் இருபது ராத்தலும் இறங்கி, தரகர் வயிறாரச் சாப்பிட ஆரம்பித்திருந்தார். தாலி கட்டி முடிந்ததும் என்னைத் தூணோரம் இழுத்துப்போனார். கண் கலங்கியிருந்தது.

"கண்ணு, பசியில உன்னப்பத்தி நெசத்தச் சொல்லிப்போட்டேன். எந்தொழிலுக்கே அவமானம். நாஞ் சொன்னதைப் பொய்யாக்கிப்போடு சாமி."

அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிறது. அந்த நல்ல மனுஷனைப் பொய்யராக்க நான் இன்னும் பாடுபட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.