ஓட்டுக்கும் ஈரக் கழிவு

மலேசியாவின் கேமரன் மலையில் கடவுளுக்கே கழிவு போட்ட ஒரே மனிதர் எங்கள் தோட்டத்துக் கழிவு கிராணிதான். சும்மா சொல்லவில்லை. கோயில் திருவிழாவில் பூசாரி அருள் வந்து, "உனக்கு நூறு வயசு குடுத்தேன்டா!" என்று விபூதியை வீசியபோது, "மழைக்காலம் சாமி, எண்பதுன்னு வச்சுக்குவோம்" என்றவர் அவர். சாமி ஆடுவதையே நிறுத்திவிட்டது.

சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கணக்கெழுதும் கிராணி. மழையில் நனைந்த கொழுந்து கனக்கும் அல்லவா, அந்தத் தண்ணீரின் கனத்தைக் கழித்துத்தான் ஆள் பேரில் எழுதுவார்கள். அதுதான் ஈரக் கழிவு. மற்ற கிராணிகள் கழிவைத் தராசோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் கையோடு கொண்டுபோவார். கல்யாண வீட்டில் "ஐந்நூறு பேர் வந்தாங்க" என்றால், "பந்தியில ரெண்டு தடவ உக்காந்தவனக் கழிச்சா முன்னூறு." பிள்ளை பரீட்சையில் எண்பது வாங்கினால், "பக்கத்துப் பையனப் பாத்து எழுதினது போக எவ்ளோ?"

உட்காரவும் மாட்டார். நாற்காலி அவருக்குச் சுடும். சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். சாம்பார் முதல் வீட்டு வாசலில், ரசம் நடு வீட்டில், மோர் கடைசி வீட்டில். அவர் மனைவி கரண்டியோடு பின்னால் ஓடியே இளைத்தவர்.

அப்படிப்பட்டவருக்குப் பக்கத்து வீட்டில் நான். நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். களைக்கு மருந்தடித்தேன், லோரியில் கோஸ் ஏற்றினேன், பிறகு அந்த லோரியையே வாங்கினேன். இன்றைக்கு ரிங்லெட்டில் முனியாண்டி லோரி என்றால் போலீஸ்காரருக்கும் தெரியும். நல்ல விதமாகத்தான். சாதித்தவன் வாய்விட்டுச் சொன்னால் என்ன தப்பு?

"எனக்கு மூணு லோரி" என்பேன்.

"ஓடறது எத்தன?"

"ரெண்டு."

"அதச் சொல்லு."

கீழே லெம்பா பெர்த்தாம் ஊருக்குள் வெள்ளத்தோடு சேறு புகுந்த வருடம் என் லோரியை உள்ளே விட்டு ஆட்களை ஏற்றி வந்தேன். அந்தப் பக்கம் போக மற்றவனுக்குத் தைரியம் இல்லை. "இருபது குடும்பம்!" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தேன். "லோரி எத்தன டன்னு?" என்றார். "மூணு" என்றேன். "அப்ப இருபதும் எலிக் குடும்பமா லா?" கழித்துக் கழித்து ஏழில் வந்து நின்றார். ஏழுதான் நிஜம். அது அவருக்கு எப்படித் தெரியும் என்பதுதான் இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்படி இருக்கும்போதுதான் நிர்வாகம் பழைய லயங்களை இடித்துவிட்டு ரோட்டோரம் புது வீடுகள் கட்டி எங்கள் பேரிலேயே கொடுத்தது. வீடு நம்முடையது என்றால் உடைந்த குழாயும் நம்முடையதுதான். இனி ஆபீசுக்கு ஓட முடியாது. அதனால் குடியிருப்பு மன்றம் என்று ஒன்றைப் புதிதாக உண்டாக்கினார்கள். தலைவரை நாங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எனக்கு அந்தப் பதவி வேண்டும். தூக்கம் வராத அளவுக்கு வேண்டும். என் அப்பா இந்தத் தோட்டத்தில் சாக்கடை வாரியவர். ஆபீஸ் படியில் ஏறவிடாமல் கீழேயே நிறுத்திப் பேசி அனுப்புவார்கள். அந்த மனிதனின் மகன் பெயர் மன்றத்துப் பலகையில் முதல் பெயராக ஏற வேண்டும். அவ்வளவுதான்.

எதிர்த்து நின்றது சரோஜா. கொழுந்து எடுக்கும் பெண்களுக்குக் கங்காணி. அவள் இங்கிருந்து கூப்பிட்டால் கம்போங் ராஜாவில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். "அண்ணே, லோரியில ஹாரன் போயிருச்சாமே? அதான் நீங்களே கத்திக்கிட்டு வரீங்களா?" என்று நடுரோட்டில் கேட்டாள். ஜெயித்தால் இருபது வேலை முடிப்பேன் என்று நான் வீடு வீடாகச் சொல்லிவந்தேன், அவள் இரண்டோடு நிறுத்திக்கொண்டாள்.

தேர்தலை நடத்தக் கழிவு கிராணியைப் போட்டார் துரை. மேனேஜரை நாங்கள் இன்னும் துரை என்றுதான் சொல்கிறோம். இந்தத் துரை வெள்ளைக்காரர் இல்லை, பக்கத்து ஈப்போக்காரர்தான். கிராணி ஊரில் எல்லாரையும் சமமாகக் கடுப்பேற்றியவர். அதைவிட நடுநிலை எங்கே கிடைக்கும்?

தேர்தலன்று பேய் மழை. நிறுவைக் கொட்டகையில் ஓட்டு. பெட்டிக்குப் பதில் கொழுந்துச் சாக்கு. நான் என் ஆட்களைத் திறந்த லோரியில் ஏற்றி, பாட்டுப் போட்டு, ராஜா மாதிரி கொண்டுவந்து இறக்கினேன். சரோஜாவின் ஆட்கள் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்கள். பார்க்கவே பாவமாக இருந்தது.

மாலையில் கிராணி சாக்கைக் கட்டினார். கட்டியவர், பழக்கதோஷத்தில் அதைத் தராசுக் கொக்கியில் மாட்டி, முள்ளைப் பார்த்து, "சாக்குக் கழிவு ஒரு கிலோ" என்றார். கொட்டகையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

எண்ணுவதும் நடந்துகொண்டேதான். அவர் பின்னால் துரை, துரை பின்னால் நான், என் பின்னால் சரோஜா. கொட்டகையைச் சுற்றி ஊர்வலம். முடித்தபோது நான்தான் மேலே. என் ஆட்கள் விசிலடித்தார்கள்.

"இரு இரு. ஈரக் கழிவு இருக்கு."

"யோவ் கிராணி! ஓட்டுக்கு ஏதுய்யா ஈரக் கழிவு?"

ஒரு சீட்டைத் தூக்கிக் காட்டினார். நனைந்த கையோடு போட்ட பெருக்கல் குறி ஊறி, என் பெயரிலும் சரோஜா பெயரிலும் நீலமாகப் பரவியிருந்தது. "இது யாருக்கு? ரெண்டு பேருக்கும் கல்யாணம் பண்ணி வச்ச மாதிரில்ல இருக்கு!"

"ஐயோ கிராணி, ஓட்ட மட்டும் கழிங்க, என் மானத்தக் கழிக்காதீங்க!" என்று அலறினாள் சரோஜா.

ஊறிய சீட்டெல்லாம் திறந்த லோரியில் வந்தவர்கள் போட்டது. கழித்து முடித்தபோது நானும் அவளும் சரிசமம்.

துரை தலையைச் சொறிந்தார். "கிராணி, நீங்க ஓட்டுப் போட்டீங்களா?"

"எங்க துரை நேரம்? காலையிலேருந்து ஓட்டமா ஓடறேன்."

"அப்ப உங்க ஓட்டுதான் முடிவு. போடுங்க."

சரோஜாவின் பக்கம் அப்போதே கைதட்டல். எனக்கு எப்போதும் கழித்தே பழகிய மனிதர் அல்லவா? நான் லோரிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். அப்பாவின் முகம் வந்து போனது. கிராணி தராசைச் சுற்றி ஒரு சுற்று நடந்தார். இன்னொரு சுற்று. பிறகு, என் கண்ணை நான் நம்பவில்லை, ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரோஜா சொன்னா சொன்னதுதான். கழிக்க ஒண்ணும் இல்ல. ஆனா அவ ரெண்டு வேலதான் செய்யறேன்னு சொல்லியிருக்கா. இவன் இருபது சொல்லியிருக்கான். முக்காவாசி தண்ணி. வடிச்சுப் பாத்தா அஞ்சு நிக்குது." மூச்சு வாங்கினார். "என் ஓட்டு முனியாண்டிக்கு. வடிக்க நான் இருக்கேன்."

சொன்னபடி ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்தார். உள்ளே உட்கார மாட்டார். வாசலில் முன்னும் பின்னும் நடப்பார். நான் பத்து என்றால் வாசலிலிருந்து "நாலு" என்று குரல் வரும். நாலை எழுதிக்கொண்டு வேலையைத் தொடங்குவோம். அந்த நாலும் நடந்தது, போய்ப் பாருங்கள்.

இப்போது கிராணிக்கு முழங்கால் போய், மகள் கிள்ளானில் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள். போன வாரக் கூட்டத்தில் நான் எழுந்து, தீபாவளிக்குள் எல்லா வீட்டுக்கும் புதுக் குழாய் என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள், சரோஜாவும்தான். யாரும் ஒரு வீட்டைக்கூடக் கழிக்கவில்லை. அப்படியே நம்பிவிட்டார்கள். நான் வாசலைப் பார்த்தேன். அவ்வளவு கைதட்டலுக்கு நடுவில் அவ்வளவு தனியாக நான் என்றைக்கும் நின்றதில்லை.